உங்க ஸ்னோப்ளோயர் ஜூலையில்தான் கெட்டுப் போகுது



வெளியே 27 டிகிரி. பக்கத்து வீட்டுப் பின்பக்கத்துல பார்பிக்யூ புகை. இந்த நேரத்துல பனி அள்ளுற மெஷினைப் பத்தி எழுதுறானே, இவனுக்கு என்ன ஆச்சுன்னு நினைப்பீங்க. போன வார வீடியோவில் வீட்டுப் பராமரிப்புக்கு மாசாமாசம் எவ்வளவு ஒதுக்கணும்னு பேசினப்போ, ஸ்னோப்ளோயரை ஒரே வரியில தொட்டுட்டுப் போயிட்டேன். அது ஒரு வரியில முடியற விஷயம் இல்ல. அதனால இந்தப் பதிவு.

ஊர்லேர்ந்து படிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். டொராண்டோ பக்கம் வருஷத்துக்குச் சராசரியா ஒரு மீட்டருக்கு மேல பனி கொட்டும். வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் இருக்கிற வண்டிப்பாதையை, அதான் டிரைவ்வே, நாமதான் சுத்தம் பண்ணணும். அதுக்கு ஷவல் இருக்கு, அதாவது பனி அள்ளுற மண்வெட்டி. இல்லேன்னா ஸ்னோப்ளோயர். பார்க்க ஒரு பெரிய புல் வெட்டுற மெஷின் மாதிரி இருக்கும். முன்னாடி சுழலுற திருகு இரும்பு பனியை உள்ளே இழுக்கும். உள்ளே இருக்கிற விசிறி அதைக் குழாய் வழியா பத்து அடி, இருபது அடி தள்ளி வீசும். பெரும்பாலும் பெட்ரோல் என்ஜின். இப்போ பேட்டரியிலயும் வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்னோப்ளோயர் வச்சிருக்கிற நம்ம ஆட்கள் நிறைய பேர் அதைக் குளிர்காலச் செலவுன்னு நினைக்கிறாங்க. அது கோடைக்காலச் செலவு. கோடையில 75 டாலரும் ஒரு சனிக்கிழமை காலையும் கொடுக்க மனசில்லேன்னா, அந்த மெஷினை வித்துட்டு ஆள் வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம். நடுவுல மூணாவது வழி ஒண்ணு இருக்கு: மெஷினையும் வச்சுக்கிட்டு அதைக் கவனிக்காமலும் இருக்கிறது. நான் அந்த வழியில போனவன். அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

2022 ஜனவரி 17

2020 இலையுதிர் காலத்துல ஸ்கார்பரோவில் வீடு வாங்கினோம். பழைய வீட்டுக்காரர் கராஜிலேயே ஒரு ஸ்னோப்ளோயரை விட்டுட்டுப் போயிருந்தார். "வீட்டோட சேர்ந்து இலவசம்"னு எனக்கு ஒரே சந்தோஷம். முதல் குளிர்காலம் நல்லா ஓடுச்சு. மார்ச் மாசம் கடைசிப் பனியை அள்ளிட்டு, டேங்க்ல பாதி பெட்ரோலோட கராஜ் மூலையில தள்ளினேன். அதுக்கு மேல சைக்கிள், மடக்கு நாற்காலி, தீபாவளிக்கு வாங்கின சீரியல் லைட் பெட்டின்னு எல்லாம் ஏறிடுச்சு.

அடுத்த குளிர்காலம் வந்த சின்னப் பனிக்கெல்லாம் ஷவலே போதுமா இருந்தது. மெஷினைத் தொடவே இல்ல. ஜனவரி 17, திங்கட்கிழமை. அன்னைக்கு அடிச்ச புயலை இங்கே இருக்கிறவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. டி.வி.பி., கார்டினர் ரெண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டையும் மூடினாங்க. எங்க தெருவுல முழங்கால் வரை பனி. மெஷினைத் தோண்டி எடுத்து, கயிறை இழுத்தேன். இழுத்தேன். இழுத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு தடவை இருமிச்சு, அவ்வளவுதான்.

அப்பா அப்போ சூப்பர் விசாவில் எங்களோட இருந்தார். திருச்சிக்காரர், வயசு 66. நான் உள்ளே போய் லேப்டாப்ல "ஸ்னோப்ளோயர் ஏன் ஸ்டார்ட் ஆகலை"ன்னு தேடிக்கிட்டு இருக்கேன். அவர் என்னோட ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஷவலோட வெளியே போயிட்டார். "வயல்ல மண்ணு வெட்டினவன்டா நானு, இது என்ன பஞ்சு மாதிரி இருக்கு"ன்னார். மேல இருக்கிறது பஞ்சுதான். ஆனா நகராட்சி வண்டி ரோட்டைத் தள்ளிட்டுப் போகும்போது நம்ம வாசல்ல ஒரு வரப்பு போட்டுட்டுப் போகும் பாருங்க, அது பஞ்சு இல்ல. ஈரச் சிமெண்ட்.

இருபது நிமிஷம் கழிச்சு என் மனைவி ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாங்க. அப்பா படியில உட்கார்ந்திருந்தார். ஒரு கையை நெஞ்சுல வச்சிருந்தார். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் அடைக்குது"ன்னார்.

கார் கராஜுக்கு வெளியேதான் நின்னுச்சு. ஆனா அது எங்கேயும் போக முடியாது. 911 கூப்பிட்டோம். ரோடு இருந்த நிலைமையில ஆம்புலன்ஸ் எப்போ வரும்னு தெரியலை. வந்தாலும் ஸ்ட்ரெச்சர் எப்படி உள்ளே வரும்? மனைவி ஓடிப்போய் எதிர்வீட்டு அண்ணையைக் கூப்பிட்டாங்க. யாழ்ப்பாணத்திலிருந்து 80-களின் கடைசியில் வந்தவர். அவர்கிட்ட இருந்த ஸ்னோப்ளோயருக்கு என் கல்யாணத்தை விட வயசு அதிகம். ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு.

"தம்பி, அப்பாவைக் கதிரையில இருத்துங்கோ. நான் பாதையைத் துப்பரவாக்கிறன்"னு மட்டும் சொன்னார். பத்து நிமிஷத்துல ரோடு வரைக்கும் ஒரு வழி போட்டுட்டார். ஆம்புலன்ஸ் வந்தப்போ அந்த வழியாத்தான் அப்பாவை எடுத்துட்டுப் போனாங்க. ஓமிக்ரான் நேரம். என்னை உள்ளே விடலை. ராத்திரி முழுக்க போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரடைப்பு இல்லைன்னு மறுநாள் சொன்னாங்க. ஆனா இதயத்துக்குப் போற ரத்தம் சிரமப்படுது, இனிமே இந்த வேலையெல்லாம் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. இது எங்க வீட்டுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல. கனடா மருத்துவச் சங்கத்தோட இதழில் 2017-ல் ஒரு கியூபெக் ஆய்வு வந்தது. பனி அதிகமா பெய்ஞ்சதுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பும், அதனால வர்ற மரணமும் கூடுறதை அது காட்டுச்சு.

அப்பா இப்போ திருச்சியில் நல்லா இருக்கார். காலையில நடக்கிறார். நான் பனியைப் பத்திப் பேசினா மட்டும் பேச்சை மாத்திடுவார்.

என்ன செலவாச்சு?

நம்ம தொழில் இது, கணக்கு எழுதாம விட முடியாது.

அப்பாவோட விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் பில்லெல்லாம் கிளெய்ம் பண்ணோம். டிடக்டிபிள் 1,000 டாலர், அது எங்க கையிலேர்ந்து. பிரீமியம் கம்மியா வரணும்னு அந்த டிடக்டிபிளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

மெஷினை ரிப்பேர் கடைக்கு அனுப்பினேன். ரெண்டு வாரம் காத்திருக்கணும்னாங்க. வண்டியில வந்து எடுத்துட்டுப் போறது, புது கார்புரேட்டர், கூலி, வரி எல்லாம் சேர்த்து 265 டாலர். அந்த ரெண்டு வாரத்துல பனி அள்ள ஆள் கூப்பிட்டது மூணு தடவை, தடவைக்கு 60, ஆக 180.

மொத்தம் 1,445 டாலர்.

கடைக்காரர் பழைய கார்புரேட்டரைப் பிரிச்சுக் காட்டினார். பெட்ரோல் போற ஜெட்னு ஒரு துளை, குண்டூசி நுழையற அளவுதான் இருக்கும். அதுல வார்னிஷ் மாதிரி பழுப்பா ஒரு பிசின் அடைச்சிருந்தது. பத்து மாசம் டேங்க்ல கிடந்த பெட்ரோலோட வேலை அது. ஒரு பாட்டில் ஸ்டெபிலைசர், 15 டாலர், மார்ச் மாசம் ஊத்தியிருந்தா நடந்திருக்காது.

இதுக்கு அக்கவுண்டிங்ல ஒரு பேர் இருக்கு

சி.ஏ. முதல் வருஷத்துலயே சொல்லித் தர்ற விஷயம் அக்ரூவல். ஒரு செலவு நீங்க பணம் கொடுக்கிற நாளில் உண்டாகறதில்ல. அது எப்போ உருவாகுதோ அந்தத் தேதியிலேயே கணக்குல ஏறணும். டிசம்பர் மாசக் கரண்ட் பில்லை ஜனவரியில் கட்டினாலும் அது டிசம்பர் செலவுதான்.

என்னோட 265 டாலர் ரிப்பேர் பில்லுல ஜனவரி தேதி போட்டிருந்தது. ஆனா அந்தச் செலவு உருவானது ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரை, கராஜ் இருட்டுல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா. யாரும் எனக்கு ஸ்டேட்மெண்ட் அனுப்பலை. கிரெடிட் கார்டு கடன்னா மாசாமாசம் ஒரு கடிதமாவது வரும். பராமரிப்புக் கடன் அப்படி இல்ல. அது எங்கேயும் எழுதப்படாது, நமக்கு ரொம்பத் தேவைப்படுற நாள் பார்த்து மொத்தமா வந்து நிக்கும். ஸ்னோப்ளோயருக்கு அந்த நாள் எப்பவுமே புயல் நாள்தான். ஏன்னா மத்த நாள்ல நாம அதைத் தொடவே மாட்டோமே.

அந்த மே மாசம் எதிர்வீட்டு அண்ணை என் கராஜுக்கு வந்து, முதல் தடவை எப்படிப் பராமரிக்கணும்னு காட்டினார். அப்போ அவர் சொன்னது இது: "உது ஓடிப் பழுதாப் போகேல்லை தம்பி. சும்மா நிண்டுதான் பழுதாப் போனது."

யோசிச்சுப் பாருங்க. என் மெஷின் வருஷத்துக்கு சுமார் 15 மணி நேரம் ஓடுது. வருஷத்துல மொத்தம் 8,760 மணி நேரம். மிச்சம் 8,745 மணி நேரம் அது நின்னுக்கிட்டுத்தான் இருக்கு.

நிக்கும்போது என்னதான் ஆகுது?

மூணு விஷயம். இதைப் புரிஞ்சுக்கிட்டா எதுக்குப் பணம் செலவு பண்றோம்னு தெளிவாயிடும்.

ஒண்ணு, பெட்ரோல். அதுல சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான் குளிர்ல என்ஜினைப் பத்த வைக்கும். அது மெல்லப் பறந்து போயிடும். மிச்சம் இருக்கிறது காத்தோட சேர்ந்து பிசினா மாறும். ஒரு மாசத்துலயே இது ஆரம்பிச்சிடலாம்னு என்ஜின் தயாரிக்கிறவங்களே சொல்றாங்க. அது போக, இங்கே சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். தண்ணி சேர்ந்தா அலுமினியம், பித்தளைப் பாகங்கள் அரிக்கும்.

ரெண்டு, துரு. முன்னாடி இருக்கிற திருகு இரும்பு ஒரு தண்டு மேல மாட்டியிருக்கும். அதைத் தண்டோட சேர்த்துப் பிடிக்கிறது ஷியர் பின்னுங்கிற ஒரு சின்ன ஆணி. அதை வேணும்னே பலவீனமா செஞ்சிருப்பாங்க. பனிக்குள்ள கல்லோ, உறைஞ்ச நியூஸ்பேப்பர் கட்டோ சிக்கினா அந்த ஆணி உடைஞ்சு, உள்ளே இருக்கிற கியர் பாக்ஸைக் காப்பாத்தும். சில டாலர் ஆணி, சில நூறு டாலர் கியர் பாக்ஸுக்குக் காவல். இன்ஷூரன்ஸ்னா என்னன்னு கேட்டா இனிமே இதைத்தான் காட்டப் போறேன். ஆனா தண்டுக்கு கிரீஸ் போடாம ரெண்டு மூணு கோடை விட்டா, திருகு தண்டோடயே துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் ஆணி உடைஞ்சாலும் திருகு தனியா சுத்தாது. அடி நேரா கியர் பாக்ஸுக்குத்தான் போகும். பிரீமியம் கட்டியும் பாலிசி காலாவதியான கதை.

இதுல இன்னொரு தப்பும் நடக்குது. உடைஞ்ச ஆணிக்குப் பதிலா கடையில கிடைச்ச கெட்டி போல்ட்டை மாட்டுறது. "இனிமே உடையவே உடையாது பாருங்க"ன்னு பெருமையா சொல்வாங்க. ஆமாம், அது உடையாது. கியர் பாக்ஸ்தான் உடையும்.

மூணு, ரப்பர். உள்ளே ரெண்டு பெல்ட் இருக்கும், ஒண்ணு திருகுக்கு, இன்னொண்ணு சக்கரத்துக்கு. நாளாக நாளாகக் காஞ்சு வெடிக்கும். எலி கடிக்கிறதும் உண்டு. இதை மே மாசம் பார்த்தா ஒரு பெல்ட் வாங்கி மாட்டுற வேலை. பிப்ரவரியில் பார்த்தா டிரைவ்வே நடுவுல நிக்கிற மெஷின்.

ஊர்ல சரியா இருந்த பழக்கம்

நம்ம ஆட்களைச் சோம்பேறின்னு சொல்றதுக்காக இதை எழுதலை. "கெட்டா பார்த்துக்கலாம்"னு இருக்கிறது ஊர்ல ஒரு நல்ல பொருளாதார முடிவுதான். திருச்சியில் எங்க தெருமுனையிலேயே ஒரு மெக்கானிக் கடை. அப்பாவோட மொபெட் மக்கர் பண்ணா தள்ளிட்டுப் போவோம். பிளக்கைக் கழட்டி உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேய்ச்சு, ஊதி மாட்டிக் கொடுப்பார். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடியும். அங்கே மனித உழைப்பு மலிவு, உடனே கிடைக்கும். அப்போ முன்கூட்டியே செலவு பண்றதுல பெரிய லாபம் இல்ல.

இங்கே கணக்கு தலைகீழ். பாகம் மலிவு, கூலி விலை அதிகம். மெஷினைக் கடைக்குக் கொண்டு போகவே தனியா வண்டி வேணும். எல்லாருக்கும் ஒரே வாரத்துல கெடும், அதனால நவம்பர், டிசம்பர்ல கடையில வரிசை நிக்கும். அதே கடை ஜூன்ல காத்தாடும். பழக்கத்தை ஊர்லேர்ந்து கொண்டு வந்தோம், ஊர் மெக்கானிக்கை யாரும் கொண்டு வரலை. இடம் மாறினா கணக்கும் மாறணும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

போன வருஷம் நான் செலவு பண்ணது, வரியோட சேர்த்து, முழு டாலரா: ஸ்டெபிலைசர் 15, என்ஜின் ஆயில் 12, ஸ்பார்க் பிளக் 7, கிரீஸ் 8, ஷியர் பின் ஒரு ஜோடி 12. மொத்தம் 54. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெல்ட் மாத்துறதுக்காக வருஷத்துக்கு 20 தனியா ஒதுக்கறேன். சுமார் 75 டாலர். எனக்கு ஆன அந்த 1,445 டாலர், இந்தக் கணக்குல 19 வருஷப் பராமரிப்பு.

இப்போ புதுசா வாங்குறவங்களுக்கு. நடுத்தர மெஷின் 1,400 டாலர்னு வச்சுக்குவோம். 13 சதவீதம் எச்.எஸ்.டி. சேர்த்தா 1,582.

பராமரிச்சு 15 வருஷம் ஓட்டினா, மெஷினுக்கு வருஷம் 105, பராமரிப்பு 75, பெட்ரோல் 30. ஆக 210 டாலர்.

பராமரிக்காம 6 வருஷத்துல தூக்கிப் போட்டா, மெஷினுக்கு வருஷம் 264, பெட்ரோல் 30, ரெண்டு வருஷத்துக்கு ஒரு அவசர ரிப்பேர்னு வச்சா வருஷம் 130. ஆக 424 டாலர்.

ஆள் வச்சா, எனக்கு வந்த ஒரு கொட்டேஷன் சீசனுக்கு 600, வரியோட 678 டாலர்.

15, 6 வருஷம்ங்கிறது என்னோட அனுமானம். உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. அப்போ ஒரு கேள்வி வரும்: பராமரிக்காத மெஷின்கூட ஆள் வைக்கிறதை விட மலிவுதானே? பேப்பர்ல ஆமாம். ஆனா அந்த 424-ல புயல் நாள் இல்ல. அப்பா படியில உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிஷத்தை எந்தக் கட்டத்துல போடுவீங்க? ஆளுக்குக் கொடுக்கிற 678-ல பனி அள்ளுற கூலி மட்டும் இல்ல, அவர் வருவார்ங்கிற நம்பிக்கைக்கும் ஒரு விலை இருக்கு. பராமரிக்காத மெஷின்கிட்ட அந்த நம்பிக்கை கிடையாது. இருக்குங்கிற நினைப்பு மட்டும் இருக்கும். அதனாலதான் அது மூணுலயும் மோசமானது.

எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்கேன்னு சிலர் சொல்வாங்க. அந்தப் பேப்பரை எடுத்துப் படிங்க. பழைய பெட்ரோலால வர்ற கோளாறு பெரும்பாலும் அதுல சேராது.

யாருக்கு மெஷின் வேண்டாம்?

டிசம்பர், ஜனவரியில் ஊருக்குப் போறவங்களுக்கு, முதுகுவலி இருக்கிறவங்களுக்கு, மெஷின் வேலைன்னாலே பிடிக்காதவங்களுக்கு ஆள்தான் சரி. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. எத்தனை சென்டிமீட்டர் பெய்ஞ்சா வருவீங்க? பனி நின்னு எத்தனை மணி நேரத்துக்குள்ள வருவீங்க? நகராட்சி வண்டி போடுற வரப்பை எடுக்க மறுபடி வருவீங்களா? உப்பு போடுறது சேர்த்தியா, தனியா?

ஒரே ஒரு கார் நிக்கிற டவுன்ஹவுஸா? ஒரு நல்ல ஷவலோ, சின்னப் பேட்டரி மெஷினோ போதும். பேட்டரி மெஷின்ல பெட்ரோல் தொல்லை இல்ல. ஆனா பேட்டரியைக் கோடை முழுக்க முழு சார்ஜ்லயோ, சுத்தமா காலியாவோ வைக்காதீங்க. ஏறக்குறைய பாதி சார்ஜ்ல, வெயில் படாத இடத்துல வைங்க.

பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கீங்களா?

அப்படின்னா இது உங்க வசதி சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. ஒன்டாரியோவில் பொதுவா நடக்கிற பாதையில பனியும் ஐஸும் சேராம பார்த்துக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. "பனியை வாடகைதாரர்தான் அள்ளணும்னு லீஸ்ல எழுதியிருக்கேன்"னு பலர் நிம்மதியா இருக்காங்க. 2009-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்குல, பேஸ்மென்ட்ல குடியிருந்தவர் வழுக்கி விழுந்திருந்தார். அங்கேயும் லீஸ்ல அப்படி ஒரு வரி இருந்தது. அது செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. வாடகைதாரரையே வச்சு அள்ளணும்னா, அது வாடகையோட ஒட்டாத தனி ஒப்பந்தமா இருக்கணும். பனியில விழுந்து அடிபட்டவர் 60 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும்னு 2021 ஜனவரியிலேர்ந்து ஒரு விதி இருக்கு. அதனால எந்தத் தேதியில பனி அள்ளினீங்க, உப்பு போட்டீங்கன்னு போன்லயே குறிச்சு வைங்க.

வரி விஷயம் ரெண்டே வரியில. நீங்க மட்டும் குடியிருக்கிற வீட்டுக்கு இந்தச் செலவு எதையும் கழிக்க முடியாது. வாடகை வருமானம் காட்டுறீங்கன்னா, வாடகைப் பகுதிக்கு உண்டான பங்கை டி776 படிவத்துல காட்டலாம். வருஷாந்தரப் பராமரிப்பு அந்த வருஷச் செலவு, புது மெஷின் வாங்கினது மூலதனச் செலவு. அதை ஒரே வருஷத்துல முழுசா கழிக்க முடியாது. ரெண்டையும் ஒரே ரசீதுல கலக்காதீங்க.

சனிக்கிழமை காலை, ரெண்டு மணி நேரம்

1. மெஷினை கராஜுக்கு வெளியே தள்ளுங்க. மூடின கராஜுக்குள்ள என்ஜினை ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

2. பழைய பெட்ரோலை ஒரு கேன்ல எடுத்துட்டு, புது பெட்ரோல்ல ஸ்டெபிலைசர் கலந்து கொஞ்சம் ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டுங்க. அப்போதான் மருந்து கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேரும். டேங்கை முழுசா காலி பண்ணி, என்ஜின் தானா நிக்கிற வரை ஓட்டி வைக்கிறதும் ஒரு முறைதான். எந்த முறைங்கிறதை மெஷினோட புத்தகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. பழைய பெட்ரோலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, நகராட்சியோட அபாயக் கழிவு மையத்துல வாங்கிப்பாங்க.

3. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டி ஓரமா வைங்க. இது முடியாம கையை உள்ளே விடாதீங்க. குளிர்காலத்துலயும் அடைச்ச பனியைக் கையால எடுக்கவே எடுக்காதீங்க. என்ஜின் நின்ன பிறகும் உள்ளே இருக்கிற விசை திடீர்னு விசிறியைச் சுத்தி விடும். விரல் போயிடும். குச்சியை மட்டும் பயன்படுத்துங்க.

4. என்ஜின் சூடா இருக்கும்போதே ஆயிலை வடிச்சு, புத்தகத்துல சொன்ன ஆயிலை ஊத்துங்க. என் மெஷினுக்கு 5டபிள்யூ-30. பிளக்கை மாத்துங்க.

5. ஷியர் பின்னைக் கழட்டி, திருகைக் கையுறையோட பிடிச்சுத் தண்டு மேல சுத்திப் பாருங்க. தனியா சுத்தணும். கிரீஸ் அடிச்சு, அந்த மெஷினுக்கான சரியான பின்னையே மாட்டுங்க. ரெண்டு பின் உபரியா கராஜ்ல டேப் போட்டு ஒட்டி வைங்க.

6. பெல்ட்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. சக்கரத்தை ஓட்டுற ரப்பர் வளையத்துல கிரீஸ் படக்கூடாது.

7. அடியில ரெண்டு பக்கமும் இருக்கிற சறுக்கு இரும்பும், தரையைச் சுரண்டுற பட்டையும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க. பல மெஷின்ல சறுக்கு இரும்பைத் திருப்பி மாட்டி இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

8. டயர் காத்து, தளர்ந்த போல்ட் பார்த்துட்டு, மூடி வைங்க. வாட்டர் ஹீட்டர் மாதிரி தீ எரியற எதுக்கும் பக்கத்துல வைக்காதீங்க.

இதெல்லாம் நம்மால ஆகாதுன்னா ஜூன்லயே கடைக்குக் கொடுத்துடுங்க. கடைக்காரருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் அவசரம் இருக்காது. பழைய மெஷின் வாங்கறதா இருந்தாலும் இதுதான் நேரம். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. நீங்க போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடா இருந்தா கொஞ்சம் யோசிங்க. ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்துல கெட்டி போல்ட் இருந்தா வந்த வழியே திரும்பிடுங்க.

2022 மே மாசத்துலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் இதைப் பண்றேன். அதுக்கப்புறம் அந்த மெஷின் ரிப்பேர் கடைக்குப் போகலை. எதிர்வீட்டு அண்ணைக்கு இப்போ முட்டிவலி. அவரோட டிரைவ்வேயையும் நான்தான் அள்ளுறேன். கூலி பேச்சே கிடையாது. அந்த ஜனவரியில் அவர் போட்டுக் கொடுத்த பத்து நிமிஷ வழிக்கு நான் இன்னும் பாக்கி வச்சிருக்கேன். அது எந்தப் புத்தகத்துலயும் எழுதாத கடன், ஆனா மறக்கிற கடன் இல்ல.

இந்த வாரம் கராஜ்ல அந்த மூலைக்குப் போங்க. மேல இருக்கிற சைக்கிளையும் லைட் பெட்டியையும் இறக்குங்க. டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே பெட்ரோல் இருந்தா, உங்க ஜனவரி பில் இப்பவே ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஷியர் பின் மாத்துறதையும், ஸ்டெபிலைசர் எவ்வளவு கலக்கணும்ங்கிறதையும் அடுத்த வீடியோவில் என் மெஷினை வச்சே செஞ்சு காட்டுறேன். வாடகை, வரி பத்தி மேல சொன்னது பொதுவான தகவல்தான், உங்க விவரத்தை வச்சு உங்க அக்கவுண்டண்ட்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.

மறுபடி சந்திப்போம். அப்பா அம்மா கூட இருந்தா, ஷவலை எங்கே வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.